புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் திரவம்: பிடிப்பது ஈஸி... விடுவிப்பதில்தான் செலவு!

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் பக்கம் போனால் கார், லாரி, பைக், டயர் என வரிசையாகத் தொழிற்சாலைகள். அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி, செல்போன், இருங்காட்டுக்கோட்டையில் மறுபடியும் கார். ‘நெட் ஜீரோ’, ‘கார்பன் நியூட்ரல்’ போன்ற வார்த்தைகள் இந்த ஏரியாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்போது புதுசு இல்லை. அதனால் இயல்பாகவே ஒரு கேள்வி வரும். ‘புகைபோக்கியிலேயே கரியமில வாயுவைப் பிடித்துவிட்டால் பிரச்னை முடிந்ததே, ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க?’

செய்திருக்கிறார்கள். அதுவும் நம்ம தமிழ்நாட்டிலேயே. 2016-ல் தூத்துக்குடியில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலை, தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, அதையே மூலப்பொருளாக்கி சோடா ஆஷ் தயாரிக்க ஆரம்பித்தது. 2017 ஜனவரியில் உலக ஊடகங்கள் அதைப் பற்றி எழுதின. அந்தத் தொழிற்சாலையில் ஹீரோ ஒரு திரவம். அதைக் கரைப்பான் என்பார்கள்.

அந்தத் திரவம் எப்படி வேலை செய்கிறது, அதை எப்படி வடிவமைக்கிறார்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இதனால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

புகை முழுக்க கரியமில வாயுதானே?

இல்லை. இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. நிலக்கரி பாய்லர் புகையில் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, சுமார் 12 முதல் 15 சதவிகிதம்தான். மீதியில் பெரும்பகுதி, நாம் சுவாசிக்கும் காற்றில் இருக்கும் அதே நைட்ரஜன். கூடவே நீராவி, மிச்ச ஆக்சிஜன், கொஞ்சம் சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், தூசி.

அப்படியே மொத்தப் புகையையும் அமுக்கி எங்காவது சேமிக்கலாம் என்றால், தேவையில்லாத நைட்ரஜனை அமுக்கவே காசு கரைந்துவிடும். அதனால் முதலில் கரியமில வாயுவை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டும். வடிகட்டி போட்டுப் பிரிக்கலாம் என்றாலும் சுலபம் இல்லை. நைட்ரஜன், கரியமில வாயு இரண்டின் மூலக்கூறுகளும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்.

இரண்டுக்கும் குணத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கரியமில வாயுவுக்கு அமிலக் குணம். நைட்ரஜனுக்கு அது கிடையாது. காரக் குணம் உள்ள ஒரு திரவத்துக்குள் புகையை விட்டால், கரியமில வாயு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும், நைட்ரஜன் தன் வழியில் போய்விடும். மொத்தத் தொழில்நுட்பத்துக்கும் அடிப்படை இதுதான்.

கோலி சோடா மாதிரியா?

பாதி சரி. கோலி சோடாவில் கரியமில வாயுவை அழுத்தத்தில் தண்ணீருக்குள் கரைக்கிறார்கள். கோலியைத் தட்டியதும் அழுத்தம் போய், வாயு ‘புஸ்’ என்று வெளியே வருகிறது. இது வெறும் கரைதல். அழுத்தம் அதிகமாக இருக்கும் இடங்களில் இதே முறையில் வாயுவைப் பிரிக்கும் தொழிற்சாலைகளும் உண்டு.

ஆனால் புகைபோக்கியில் அழுத்தம் என்று எதுவும் இல்லை. சாதாரணக் காற்றழுத்தத்தில், 12 சதவிகிதம்தான் இருக்கிற வாயுவைப் பிடிக்க வெறும் தண்ணீர் போதாது. திரவத்துக்குள் கரியமில வாயுவோடு வேதிவினை செய்யும் ஏதாவது ஒன்று வேண்டும். அந்த வேலைக்கு வந்ததுதான் அமீன். அம்மோனியாவின் சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவில் நைட்ரஜனோடு மூன்று ஹைட்ரஜன் இருக்கும். அதில் ஒன்றையோ இரண்டையோ மூன்றையுமோ கழற்றிவிட்டு கார்பன் தொகுதியை மாட்டினால் அமீன்.

இது புது ஐடியாவும் இல்லை. அமீன் கரைசலால் வாயுக்களைச் சுத்தம் செய்யும் முறைக்கு அமெரிக்காவில் ராபர்ட் பாட்டம்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றது 1930-ல். இயற்கை எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவை நீக்க இன்று வரை இது ஒரு முக்கியமான வழி. பழசான இந்த டெக்னிக்கைப் புகைபோக்கிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பிளான்ட்டில் என்ன நடக்கிறது?

இரண்டு கோபுரங்கள். முதல் கோபுரத்தில் கீழிருந்து புகை மேலே ஏறும். மேலிருந்து அமீன் கரைசல் மழை மாதிரி இறங்கும். வெப்பநிலை 40 முதல் 60 டிகிரி செல்சியஸ். வழியில் அமீன் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மிச்சப் புகை மேலே வெளியேறிவிடும்.

கரியமில வாயுவைச் சுமந்த கரைசல் இரண்டாவது கோபுரத்துக்குப் போகும். அங்கே நீராவியால் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். சூட்டில் அமீன் பிடியை விட்டுவிடும். சுத்தமான கரியமில வாயு மேலே வரும். காலியான கரைசலைக் குளிர்வித்து மறுபடியும் முதல் கோபுரத்துக்கு அனுப்புவார்கள். அதே கரைசல் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிடி, விடு, பிடி, விடு. அவ்வளவுதான்.

அப்போ எங்கே பிரச்னை?

அந்த ‘விடு’வில். இந்தத் துறையின் ‘பழைய பெருசு’ மோனோ எத்தனால் அமீன். வழக்கமாக 30 சதவிகித அமீன், 70 சதவிகிதத் தண்ணீர். இதை வைத்து ஒரு டன் கரியமில வாயுவை விடுவிக்க சுமார் 1,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைப்போல பத்து மடங்கு.

வேறு மாதிரி சொன்னால், வீட்டு சமையல் சிலிண்டர் ஐந்தரை தீர்ந்தால் கிடைக்கும் வெப்பம். இப்போது சின்னதாக ஒரு கணக்கு. ஐந்தரை சிலிண்டர் கேஸை எரித்தால் அதிலிருந்தே சுமார் 230 கிலோ கரியமில வாயு வரும். அதாவது, ஒரு டன்னைப் பிடிக்கப் போய், கிட்டத்தட்ட கால் டன்னைப் புதிதாக உண்டாக்குகிறோம். கேஸுக்குப் பதில் நிலக்கரி என்றால் இன்னும் மோசம்.

இவ்வளவு வெப்பம் எதற்கு? மூன்று இடத்தில் போகிறது. ஒன்று, அமீனுக்கும் வாயுவுக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க. இரண்டு, கரைசலில் இருக்கும் அத்தனை தண்ணீரையும் சூடேற்ற. மூன்று, அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம். நிலக்கரி மின் நிலையத்தில் இந்தப் பழைய முறையை அப்படியே மாட்டினால், தயாரிக்கும் மின்சாரத்தில் 20 முதல் 30 சதவிகிதம் இந்த வேலைக்கே போய்விடும்.

அதனால்தான் கரைப்பான் வடிவமைப்பவர்கள் ‘எவ்வளவு பிடிக்கும்’ என்பதோடு நிறுத்துவதில்லை. ‘எவ்வளவு சுலபமாக விடும்’ என்றும் கேட்கிறார்கள். இறுக்கமாகப் பிடித்தால் வேகமாகப் பிடிக்கும், ஆனால் விடுவிக்க நிறைய சூடு வேண்டும். லேசாகப் பிடித்தால் சுலபமாக விடும், ஆனால் பிடிக்கவே நேரம் எடுக்கும், கோபுரம் உயரமாக வேண்டும். இரண்டும் ஒரே மூலக்கூறில் கிடைப்பது அபூர்வம்.

நல்ல கரைப்பானை எப்படி வடிவமைக்கிறார்கள்?

மூன்று முக்கியமான வழிகள்.

முதல் வழி, மூலக்கூறையே மாற்றுவது. மோனோ எத்தனால் அமீனில் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்க இரண்டு அமீன் மூலக்கூறு செலவாகும். ஒன்று வாயுவைப் பிடிக்கும். அப்போது கழன்று வரும் ஹைட்ரஜன் அயனியை ஏந்திக்கொள்ள இன்னொன்று. ஒரு ஆளைப் பிடிக்க இரண்டு போலீஸ் மாதிரி. இதைக் குறைக்க, நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே பருமனான கார்பன் தொகுதிகளை வைக்கிறார்கள். இடநெருக்கடியால் வாயு இறுக்கமாக ஒட்ட முடியாது. அது பைகார்பனேட்டாக மாறிவிடும். அப்போது ஒன்றுக்கு ஒன்று போதும், விடுவிக்கவும் வெப்பம் குறைவு. அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் 1980-களில் இந்த யோசனை வளர்ந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ், கன்சாய் எலக்ட்ரிக் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘கேஎஸ்-1’ இந்த வகைதான். உத்தரப் பிரதேசத்தில் இஃப்கோவின் ஆன்லா, புல்பூர் உரத் தொழிற்சாலைகளில் 2006-லேயே இது வந்துவிட்டது. ஒவ்வொன்றும் நாளைக்கு 450 டன். பிடித்த வாயு யூரியா தயாரிக்கப் போகிறது.

இரண்டாவது வழி, கலவை. மெத்தில் டை எத்தனால் அமீன் என்று ஒன்று உண்டு. நிறையப் பிடிக்கும், சுலபமாக விடும், ஆனால் ரொம்ப ஸ்லோ. பைப்பரசின் என்று இன்னொன்று. படுவேகம். இரண்டையும் கலந்தால், பைப்பரசின் ஷேர் ஆட்டோ மாதிரி வேலை செய்யும். கரைசலின் மேற்பரப்பில் வாயுவை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்து, மற்ற அமீன் என்கிற பெரிய பஸ்ஸில் இறக்கிவிட்டு, மறுபடியும் மேற்பரப்புக்கு ஓடும். வேகமும் கிடைக்கும், வெப்பமும் மிச்சம்.

மூன்றாவது வழி, தண்ணீரைக் குறைப்பது. வெப்பத்தில் பெரிய பங்கு தண்ணீரைச் சூடேற்றவே போகிறது என்பதால், தண்ணீருக்குப் பதில் வேறு கரிமத் திரவங்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் இதில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. இங்கே சவால் வேறு: வாயுவைப் பிடித்ததும் சில திரவங்கள் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். பம்ப் திணறும்.

இவை தவிர ஒரு நீண்ட செக்-லிஸ்ட்டும் இருக்கிறது. புகையிலுள்ள ஆக்சிஜனும் சல்பரும் பட்டு கரைப்பான் கெட்டுப்போகக் கூடாது. 120 டிகிரியில் சிதையக் கூடாது. இரும்புக் குழாயை அரிக்கக் கூடாது. காற்றில் ஆவியாகப் பறக்கக் கூடாது. விஷமாக இருக்கக் கூடாது. டன் கணக்கில் வாங்குகிற விலையில் கிடைக்க வேண்டும். ஒரு மூலக்கூறு கம்ப்யூட்டரில் சூப்பராகத் தெரிந்தாலும், இதில் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொள்ளும்.

ஆய்வகத்தில் பாஸானதும் வேலை முடியாது. நிஜப் புகை என்பது ஆய்வகத்து சிலிண்டர் வாயு மாதிரி சுத்தம் கிடையாது. கனடாவில் பவுண்டரி டேம் என்ற நிலக்கரி மின் நிலையத்தில் 2014-ல் பெரிய அளவில் இந்தத் தொழில்நுட்பம் வந்தது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்பது இலக்கு. புகையோடு வந்த சாம்பல் தூசியும், எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிதைந்த அமீனும் சேர்ந்து, ஆரம்ப வருடங்களில் இலக்கைத் தொடவிடவில்லை.

இத்தனை முயற்சிக்கும் பலன் உண்டா? உண்டு. இன்றைய சிறந்த கரைப்பான்களில் அந்த 1,000 யூனிட் வெப்பம் 700, 800 யூனிட் அளவுக்கு இறங்கியிருக்கிறது. பூஜ்யம் ஆகாது. ஆனால் நாளைக்கு நூற்றுக்கணக்கான டன் பிடிக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிய பணம்.

தூத்துக்குடியில் என்ன செய்தார்கள்?

இப்போது நம்ம ஊர்க் கதை. 2009-ல் காரக்பூர் ஐஐடியில் படித்த அனிருத்தா ஷர்மா, பிரதீக் பம்ப் என்ற இரண்டு இளைஞர்கள் ‘கார்பன் க்ளீன் சொல்யூஷன்ஸ்’ என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். கரியமில வாயுவைப் பிடிக்க மலிவான கரைப்பான் உருவாக்குவது திட்டம். இந்தியாவில் முதலீடு கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகை கிடைத்ததும் லண்டனுக்குப் போனார்கள்.

அவர்கள் உருவாக்கியது அமீனும் உப்பும் சேர்ந்த ஒரு கலவை. வழக்கமான அமீனைவிட வெப்பம் குறைவாகத் தேவைப்படும், அரிப்பும் குறைவு என்பது அவர்கள் தரப்பு. அரிப்பு குறைந்தால் விலை உயர்ந்த உலோகம் வேண்டாம், பிளான்ட் கட்டும் செலவும் குறையும். சரியான ஃபார்முலா? அது கம்பெனி ரகசியம்.

இதை முதலில் வாங்கிப் போட்டது தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ். ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயு பிடிக்கும் அளவுக்கு வடிவமைப்பு. நாள் கணக்கில் 160 டன்னுக்கு மேல். அரசு மானியம் இல்லாமல் இது நடந்ததுதான் உலகம் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம். ஒரு டன்னுக்கு சுமார் 30 டாலர்தான் செலவு என்று நிறுவனம் சொன்னது, அன்றைய மதிப்பில் சுமார் 2,000 ரூபாய். அப்போது மற்ற இடங்களில் சொல்லப்பட்ட செலவு 60 முதல் 90 டாலர்.

அந்தத் தொழிற்சாலைக்கு இதில் என்ன ஆர்வம்? சோடா ஆஷ் செய்ய உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் வேண்டும். மூன்றும் தண்ணீரில் சேர்ந்தால் சோடியம் பைகார்பனேட் கிடைக்கும், அதாவது ஆப்ப சோடா. அதைச் சூடாக்கினால் சோடா ஆஷ். கூடவே கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு உரமாக விற்கும். கரியமில வாயு சப்ளை நின்றால் மொத்தத் தயாரிப்பும் நின்றுவிடும். பூமியைக் காப்பாற்றும் எண்ணத்தில் இதில் இறங்கவில்லை, நம்பகமான கரியமில வாயு தேவைப்பட்டது என்று தொழிற்சாலைத் தரப்பே அப்போது பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது இதுதான். கரைப்பான் நல்லது என்பது மட்டும் காரணமில்லை. பாய்லரும் நீராவியும் அங்கேயே இருந்தது. பிடித்த வாயுவை வாங்கும் ‘கஸ்டமர்’ அதே காம்பவுண்டுக்குள் இருந்தார். இந்த இரண்டும் அமைந்ததால் கணக்கு சரியாக வந்தது.

சரி, பிடித்த வாயு கடைசியில் எங்கே போகிறது?

இந்த இடத்தைத்தான் பெரும்பாலான அறிவிப்புகள் தாண்டிப் போய்விடும். சோடா ஆஷின் பெரிய வாடிக்கையாளர் கண்ணாடித் தொழில். மணல், சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல், டோலமைட் எல்லாம் சேர்த்து சுமார் 1,500 டிகிரியில் உருக்கினால் கண்ணாடி. அந்தச் சூட்டில் சோடா ஆஷ் உடைந்து, உள்ளே இருக்கும் கரியமில வாயு புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். ஒரு டன் சோடா ஆஷில் 415 கிலோ கரியமில வாயு அடங்கியிருக்கிறது. உலையில் அது மொத்தமும் காற்றுக்குத்தான்.

யூரியாவும் அப்படித்தான். வயலில் போட்ட சில நாட்களில் உடைந்து கரியமில வாயுவை விட்டுவிடும். கூல்டிரிங்க்ஸுக்குப் போனால் மூடியைத் திறக்கும் வரைதான் கணக்கு. ஆக, இது ஆயுள் தண்டனை இல்லை, பரோல்!

அப்படின்னா பிரயோஜனமே இல்லையா என்றால், அதுவும் தப்பு. சோடா ஆஷுக்காக வேறு எங்காவது எரிபொருளோ சுண்ணாம்புக்கல்லோ எரித்து கரியமில வாயுவை உண்டாக்குவதற்குப் பதில், எப்படியும் வெளியேறப்போகிற வாயுவை இன்னொரு முறை பயன்படுத்துகிறோம். அது மிச்சம்தான். ஆனால் ‘60,000 டன் பிடித்தோம்’ என்பதும் ‘60,000 டன் காற்றுக்குப் போகாமல் நிரந்தரமாகத் தடுத்தோம்’ என்பதும் ஒன்றல்ல.

நிரந்தரமாகப் பூட்ட வேண்டுமானால் வாயுவைப் பூமிக்கு அடியில் செலுத்த வேண்டும், இல்லையென்றால் கான்கிரீட் போன்ற பொருளில் கல்லாக மாற்ற வேண்டும். நார்வேயில் பிரெவிக் என்ற ஊரின் சிமென்ட் ஆலை 2025-ல் இதை ஆரம்பித்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடித்து, கப்பலில் ஏற்றி, வடகடலுக்கு அடியில் சேமிக்கும் திட்டம் அது. கரைப்பானைச் சூடாக்க, சிமென்ட் உலையின் வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு நார்வே அரசு பெரும் பணம் கொடுத்திருக்கிறது. மானியம் இல்லாத தூத்துக்குடி மாடலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா?

இந்தியாவில் வேறு எங்கே?

2021 செப்டம்பரில் டாடா ஸ்டீல், ஜாம்ஷெட்பூர் ஆலையின் ஊதுலை வாயுவிலிருந்து நாளைக்கு 5 டன் பிடிக்கும் பிளான்ட்டைத் தொடங்கியது. தொழில்நுட்பம் அதே கார்பன் க்ளீன். கரியமில வாயுவை நீக்கியதும் மிச்ச வாயுவின் எரியும் திறன் கூடுவதால் அது திரும்ப எரிபொருளாகிறது என்பது கூடுதல் லாபம். 2022-ல் மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில் என்டிபிசி நாளைக்கு 20 டன் பிளான்ட்டைத் தொடங்கியது. அதிலிருந்து மெத்தனால் தயாரிப்பது திட்டம். நம்ம அரியலூரில் டால்மியா சிமென்ட், கார்பன் க்ளீனோடு சேர்ந்து ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை 2019-ல் அறிவித்தது.

நம்பர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஊதுலை முறையில் ஒரு டன் ஸ்டீல் செய்ய 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. நாளைக்கு 5 டன் பிடித்தால் இரண்டு, இரண்டரை டன் ஸ்டீலுக்கான கணக்கு. அதாவது, சுமார் மூன்று சின்ன கார்களில் இருக்கும் ஸ்டீல். ஒரகடத்தில் அந்த மூன்று கார் லைனிலிருந்து இறங்க எத்தனை நிமிடம் ஆகும்?

சரி, படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இதில் என்ன வேலை?

உண்மையைச் சொன்னால், இந்தப் பகுதியின் பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கு இந்தத் திரவம் நேரடியாகப் பொருந்தாது. கார், பைக் அசெம்பிளி பிளான்ட்டுகளில் பெரிய செலவு மின்சாரம். அதன் புகை வெளியேறுவது மின் நிலையத்தில். பெயின்ட் ஷாப் அடுப்புகளின் புகையில் கரியமில வாயு ரொம்ப நீர்த்துப்போயிருக்கும். அடர்த்தி குறையக் குறைய, ஒரு டன் பிடிக்க கழுவ வேண்டிய புகையின் அளவு கூடிக்கொண்டே போகும். அங்கெல்லாம் சோலார், காற்றாலை மின்சாரம், வெப்பம் வீணாகாமல் பார்ப்பது போன்றவைதான் முதல் மருந்து.

விதிவிலக்கு கண்ணாடி உலை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் இருக்கிறது. உலை இரவு பகலாக எரியும், புகையும் தொடர்ந்து வரும், வெப்பமும் மிச்சமாகும். எரிபொருளை மின்சாரமாக மாற்றினாலும் சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல்லிலிருந்து வரும் கரியமில வாயு நிற்காது. அதனால் தத்துவப்படி பார்த்தால், இந்தப் பகுதியில் கரைப்பானுக்கு நியாயமான வேலை இருக்கும் இடம் இதுதான். ஆனால் கண்ணாடி உலைப் புகையில் சல்பர், நைட்ரஜன் ஆக்சைடுகள், தூசி எல்லாம் உண்டு. முதலில் அதைச் சுத்தம் செய்யாவிட்டால் அமீன் சீக்கிரம் கெட்டுவிடும். உடைந்த கண்ணாடியை மறுபடி உருக்குவது இதைவிடச் சுலபமான வழி. அதில் வெளியேற கரியமில வாயு மிச்சம் இல்லை.

இடமும் ஒரு பிரச்னை. வழக்கமான கோபுரங்கள் பல மாடி உயரம். அதனால்தான் கார்பன் க்ளீன் போன்ற நிறுவனங்கள், கரைசலை வேகமாகச் சுழற்றி, உயரத்துக்குப் பதில் சுழற்சி விசையால் வேலையை முடிக்கும் சின்ன இயந்திரங்களைக் கொண்டுவருகின்றன.

இந்தப் பகுதிக்குப் பெரிய தாக்கம் மறைமுகமாக வரும். இங்கே வரும் ஸ்டீல், சிமென்ட், கண்ணாடி எல்லாம் எங்கோ ஒரு உலையில் பிறந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழு வடிவத்தில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கார் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இரும்பு, ஸ்டீல் பொருட்களில் போல்ட், நட், ஸ்குரூ கூட இருக்கிறது. அதை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு சின்ன யூனிட் முதலாளியிடம், ‘உன் ஸ்டீலில் எவ்வளவு கார்பன்?’ என்று வாங்குபவர் கேட்பார். பதில் அவர் பட்டறையில் இல்லை, ஸ்டீல் ஆலையில் இருக்கிறது. இன்னொரு விஷயம்: ஐரோப்பாவின் கார்பன் சந்தை விதிகளில் நிரந்தரமாகப் பூட்டப்பட்ட கரியமில வாயுவுக்குத்தான் மதிப்பு. பரோலில் வெளிவரும் வாயுவுக்குச் சலுகை கிடையாது.

கரைப்பானே காற்றில், தண்ணீரில் கலந்தால்?

கேட்க வேண்டிய கேள்வி. கோபுரத்தின் உச்சியில் கொஞ்சம் அமீன் புகையோடு தப்பிக்கும். அது நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்தால் நைட்ரோசமீன் என்ற வகைப் பொருட்கள் உருவாகலாம். இவற்றில் பல, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. நார்வேயில் மோங்ஸ்டாட் திட்டத்தின்போது இது பெரிய விவாதமானது. 2011-ல் அந்நாட்டுப் பொது சுகாதார நிறுவனம், இந்தப் பொருட்கள் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு.

இதற்குத் தீர்வு இருக்கிறது. கோபுரத்தின் மேலே தண்ணீரால் கழுவும் பகுதி, சுலபமாக ஆவியாகாத கரைப்பான், தொடர்ந்து அளவிடுவது. சிதைந்துபோன அமீன் கழிவையும் முறையாக அழிக்க வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று, அது ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியில் நாளை யாராவது இப்படி ஒரு பிளான்ட் வைப்பதாக இருந்தால், இதை முதல் நாளிலேயே கேட்பதில் தப்பில்லை.

அடுத்த முறை அறிவிப்பு வந்தால் என்ன கேட்கலாம்?

‘கார்பனைப் பிடிக்கிறோம்’ என்று இனி நிறைய அறிவிப்புகள் வரும். நிதி ஆயோக் 2022-லேயே இதற்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. இந்தியாவுக்கான கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டமும் 2023-ல் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஷேர்ஹோல்டரோ, ஷிப்ட் ஊழியரோ, ஊராட்சி உறுப்பினரோ, யாராக இருந்தாலும் மூன்று கேள்விகள் போதும்.

1. கரைப்பானைச் சூடாக்க வெப்பம் எங்கிருந்து வருகிறது? வீணாகும் வெப்பமா, புதிதாக எரிக்கும் நிலக்கரியா? ‘பிடித்த டன்’ எவ்வளவு என்பதோடு, அதற்காகப் புதிதாக வெளியேறிய டன்னைக் கழித்த பிறகு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

2. பிடித்த வாயு எங்கே போகிறது? பூமிக்கு அடியிலா, கான்கிரீட்டிலா, யூரியாவிலா, சோடாவிலா? எத்தனை நாள் அங்கே இருக்கும்?

3. தப்பிக்கும் அமீனையும் கழிவுக் கரைப்பானையும் யார் அளவிடுகிறார்கள்? அந்த அளவு பொதுமக்கள் பார்வைக்கு வருமா?

தூத்துக்குடி பிளான்ட் முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் வியாபார ரீதியில் ஒரு பதில் வைத்திருந்தது. அதனால்தான் மானியம் இல்லாமலே எழுந்தது. பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கரைப்பானை ஊற்றினாலும், அது சுற்றிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.